மூன்று மணித் தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களே. விசிறியை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். வாற்கோதுமைத் தேநீர் குளிர்ந்திருக்கிறது, ஊற்றிக் குடித்துக்கொண்டே கேளுங்கள். எங்கள் எதிர்வீட்டு சயோ ஒரு கோடை முழுக்க ஒரு கிழட்டு நாயை எப்படி உயிரோடு காத்தாள் என்பதைச் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்த பிறகு உங்கள் வீட்டு நாயை, நாய் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நாயை, கொஞ்ச நேரம் நின்று பார்ப்பீர்கள்.

சயோவுக்கு நாய் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாய் அவள் கணவர் தத்ஸுரோவுடையது. ஷிபா என்கிற நாட்டு இனம், கறுப்பு நிறம், கண்ணுக்கு மேலே பழுப்பில் இரண்டு பொட்டு. எள்ளைப் போலக் கறுப்பாக இருந்ததால் எள் என்றே பெயர் வைத்தார், எங்கள் பேச்சில் கோமா. எங்கள் தெருவில் நாய் வளர்க்கிறவர்களுக்குச் சொந்தப் பெயர் நிலைக்காது. தத்ஸுரோ 'கோமா அப்பா' ஆகிவிட்டார். சயோவும் வேறு வழியில்லாமல் 'கோமா அம்மா'.

"நான் பெத்தது ரெண்டு பொண்ணுங்க. இந்த முடி மூட்டைய நான் பெக்கல" என்பாள் சயோ.

"ஆனா ஜாடை உன்ன மாதிரிதான் இருக்கு" என்பார் தத்ஸுரோ.

அந்த வருடம் மழைக்காலம் முடிகிற சமயத்தில், பெர்சிமன் மரத்தில் ஒரு கிளையை வெட்ட ஏணியில் ஏறியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து வைத்தார்கள். ஆனால் நடக்கப் பழக வேண்டும், ஆகஸ்ட் நடுவில் வருகிற ஓபோன் பண்டிகை கழியும் வரை வீட்டுக்கு விட மாட்டோம் என்றார்கள். அவரோ நடக்கவே மறுத்தார். கம்பியைப் பிடித்து நிற்கவைக்க ஆள் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒரே ஒரு கேள்விக்குத்தான் அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பும்.

"கோமா எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. தின்னுது, தூங்குது, என்ன மொறைக்குது."

"அதுக்கு வயசாச்சு சயோ. இந்த வெயில தாங்குமான்னுதான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கூரையைப் பார்ப்பார். பிறகு மெதுவாகக் கேட்பார்: "நான் வர்றப்போ வாசல்ல நிக்கும்ல?"

"நிக்கும். நீங்க நிக்கறீங்களான்னுதான் எனக்குத் தெரியல."

அன்றைக்கு அவர் எழுந்து கம்பியைப் பிடித்தார் என்று பிறகு சயோ எங்களிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கோமா வாசலில் நின்றால்தான் அந்த மனிதர் எழுந்து நடப்பார். கோமாவுக்கு ஏதாவது ஆனால், சுவர்ப் பக்கம் திரும்பிய முகம் திரும்பியபடியே இருந்துவிடும்.

மலைகள் சுற்றி நிற்கிற பள்ளத்தில் இருக்கிறது எங்கள் தாஜிமி. வெயில் உள்ளே வந்தால் வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே சுற்றும். அந்த வெயிலில் கோமாவின் பழக்கம்தான் பெரிய தலைவலி. ஷிபா வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாது. காகிதம் விரித்து வைத்தாலும், கொல்லையில் புல்தரை போட்டுக் கெஞ்சினாலும் சரி, தன் வீட்டு எல்லைக்குள் அசிங்கம் செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும். வயிறு கல்லாகிப் போனாலும் அடக்கும். புயல் மழையிலும் பனியிலும் வெளியே கூட்டிப்போய்த்தான் ஆக வேண்டும்.

விடியற்காலை நடை சிக்கல் இல்லாமல் நடந்தது. பிரச்சினை மதியம் மூன்று மணிக்கு. அந்த நேரம் வந்தால் கோமா எழுந்து போய் வாசற்கதவில் மூக்கை வைத்துக்கொண்டு முனகும். முனகல் அழுகையாகும், அழுகை கதவைப் பிறாண்டுவதாகும். தத்ஸுரோ வீட்டில் இருந்தபோது அதைத் தன் குட்டி லாரியில் ஏற்றி, தோகி ஆற்றங்கரை மூங்கில் நிழலுக்குக் கொண்டுபோய்விடுவார். நாய் தண்ணீரில் இறங்கி நின்றுவிட்டு வரும். சயோவுக்கு லாரி ஓட்டத் தெரியாது. அவளுக்கு இருந்தது இரண்டு கால்களும் தார்ச்சாலையும்தான்.

அந்த வெயிலில் அவள் போவதை நான் ஜன்னல் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். அவளிடம் ஒரு வெள்ளைக் குடை உண்டு. அதை இடுப்புக்குக் கீழே, நாயின் முதுகுக்கு மேலே பிடித்துக்கொண்டு, பாதி குனிந்தபடி நடப்பாள். நிழல் நாய்க்கு. வெயில் முழுவதும் அவளுக்கு. நாய் பிடிக்காத பெண் செய்கிற வேலையா அது, நீங்களே சொல்லுங்கள்.

இப்போது இசோகாய் வருகிறார். எங்கள் தெருச் சங்கத்தின் தலைவர். வாழ்நாளெல்லாம் ஓட்டுச் சூளையில் வேலை பார்த்தவர். சூளையில் மூன்று மணி என்றால் வேலை நிற்கும். முற்றத்தில் தண்ணீர் தெளித்துத் தரை குளிர்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். வேலையை விட்ட பிறகும் அவர் மூன்று மணியை விடவில்லை. தினமும் மரவாளியும் நீண்ட பிடி போட்ட பித்தளை அகப்பையுமாக வாசலுக்கு வருவார். அகப்பையை வாளி விளிம்பில் டொக் டொக் என்று தட்டிவிட்டு, வீட்டின் முன்னால் தெருவில் தண்ணீரை விசிறுவார். விசிறல் என்றால் வெறும் விசிறல் இல்லை, தண்ணீர் விரிந்து தரையில் பட்டுப்புடவை மாதிரி படியும். வேற்றுத் தெரு ஆட்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவருடைய மனைவி தொமியேவுக்கு மட்டும் அதில் பிரமிப்பு இல்லை. "இவரு மூணு மணிக்குத் தெளிக்கலன்னா சூரியன் கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும் பாருங்க" என்பாள்.

"நீ சும்மா இரு. பழக்கம்னா பழக்கம்."

"சாய்ங்காலம் தெளிக்கறதுதான் ஊர்ப் பழக்கம். உங்களது சூளைப் பழக்கம்."

சயோ குடையோடு குனிந்து போவதை இசோகாயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரக்கமுள்ள மனிதர். ஒரு நாள் காலையில் சங்கத்து அறிவிப்புப் பலகையோடு ஒவ்வொரு வீடாக வந்தார்.

"இன்னைக்கு மூணு மணிக்கு எல்லாரும் வாளியோட வாசலுக்கு வாங்க. கோமா அம்மா போற வழி முழுக்கத் தண்ணி தெளிச்சு வைக்கணும். நாய் ஜில்லுன்னு நடந்து போகட்டும். கோமா அப்பா திரும்பி வர்றப்போ தெருவே சேந்து காப்பாத்துனோம்னு இருக்கட்டும்."

யாருக்கு மறுக்கத் தோன்றும்? எல்லோரும் வந்தோம். நானும் வந்தேன். வாளி, பூவாளி, வெந்நீர்க் கெட்டில் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, நெருப்பாகக் கிடந்த தார்ச்சாலை முழுக்கத் தண்ணீரைக் கொட்டினோம். சயோ கதவைத் திறந்து வெளியே வந்து, இரண்டு பக்கமும் நாங்கள் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஆழமாகக் குனிந்து வணங்கினாள். "எல்லாரும் இவ்வளவு சிரமப்பட்டு..." என்றாள்.

கோமா நடந்தது. பத்துப் பதினைந்து வீடுகளைத் தாண்டியிருக்கும். நாங்கள் ஏதோ ஊர்வலம் பார்ப்பதுபோலச் சிரித்துக்கொண்டு நின்றோம். நாயின் நாக்கு நீளமாகத் தொங்க ஆரம்பித்தது. பிறகு அகலமானது. மூச்சு விட்டு விட்டு வந்தது. பின்னங்கால்கள் தள்ளாடின. அப்படியே ஈரத்தெருவில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

"களைச்சுப் போச்சு போலருக்கு, இன்னும் தண்ணி ஊத்துங்க தரையில" என்றார் இசோகாய்.

சயோ குடையைத் தூக்கி எறிந்தாள். அந்த நாயைத் தூக்கத் தெம்பில்லாத உடம்பு அவளுடையது, நானே கடைப்பையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ஒரே வீச்சில் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, தொமியே வீட்டு வண்டி நிற்கும் நிழலுக்கு ஓடினாள். அங்கிருந்த குழாயைத் திறந்தாள். முதலில் வந்த வெந்நீரை ஓடவிட்டு, தண்ணீர் குளிர்ந்த பிறகுதான் நாயின் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் அக்குளிலும் பாதங்களிலும் விட்டாள். யாரோ ஐஸ் கட்டியை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"வேணாம், ஐஸ் வேணாம். விசிறி குடுங்க. தொமியே அக்கா, வண்டிய எடுங்க, ஏசிய முழுசாப் போடுங்க."

தொமியே அக்கா ஆமை வேகத்துக்குப் பேர்போனவள். அன்று மிருக ஆஸ்பத்திரி வரை அவள் ஓட்டிய ஓட்டத்தை இன்றைக்கும் தெருவில் பேசுகிறோம்.

கோமா பிழைத்தது. ஹனவா டாக்டர், முன்பற்களில் இடைவெளி உள்ள இளம் பெண், ஊசியும் சொட்டு மருந்தும் போட்டுவிட்டு சயோவை உட்காரவைத்தாள்.

"முதல்ல தண்ணிய வயித்துலயும் தொடையிலயும் விட்டது சரி. யார் சொல்லிக் குடுத்தா?"

"ஆஸ்பத்திரில அவரு படுத்திருக்கற வார்டுல சுவத்துல ஒட்டியிருந்துச்சு. மனுஷங்களுக்குன்னு போட்டிருந்துச்சு. நாய்க்கும் அதானேன்னு."

டாக்டர் சிரித்தாள். பிறகு எப்படி நடந்தது என்று கேட்டாள். சயோ சொன்னாள். டாக்டர் சிரிப்பை நிறுத்தினாள்.

"கொதிக்கற தரையில தண்ணி விட்டா ஆவியா எழும்பும்மா. உங்களுக்கு முழங்காலுக்குக் கீழ நின்னுடும், தெரியாது. நாயோட மூக்கு அங்கதான் இருக்கு. அதுக்கு வேர்க்காது, மூச்சு விட்டுத்தான் சூட்ட இறக்கணும். சுத்தி ஈரக்காத்தா இருந்தா அதுவும் முடியாது. தரையில புறங்கைய வச்சுப் பாருங்க, உங்களால வச்சிருக்க முடியலன்னா அதாலயும் நடக்க முடியாது. விடியறதுக்கு முன்னாடி, இருட்டினதுக்கு அப்புறம். அவ்வளவுதான். இந்த வயசுல இன்னொரு தடவை இப்படி ஆனா என்னால எதுவும் செய்ய முடியாது."

"சாயங்காலம் வரைக்கும் அது பொறுக்க மாட்டேங்குது டாக்டர். மூணு மணியாச்சுன்னா கதவ உடைக்குது."

"அதுக்குக் கடிகாரம் பாக்கத் தெரியுமா என்ன?" என்றாள் டாக்டர்.

சயோ அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அடுத்த நாள் மூன்று மணிக்குக் கோமா எழுந்தது, முனகியது, பிறாண்டியது. சயோ அதோடு தரையில் உட்கார்ந்து, குளிர்ந்த துணியைக் கழுத்தில் கட்டி, கதவுக்கும் நாய்க்கும் நடுவில் தன் முதுகை வைத்துக்கொண்டு பொறுத்தாள். நாய் அழுதது, அவளும் அழுதாள். அதற்கு மறுநாள் இடியோடு மழை. மூன்று மணி வந்தது, போனது. கோமா வாசல் ஓட்டுத்தரையில் கால்களை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. இருட்டும் வரைக்கும் எழவில்லை.

மழை நின்ற அடுத்த நாள், சயோ நாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெளியே டொக் டொக் என்று அகப்பை வாளியில் தட்டியது. கோமாவின் காது நிமிர்ந்தது. எழுந்து கதவுக்குப் போனது.

மழை நாளில் இசோகாய் தண்ணீர் தெளிப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருடமாக அந்த நாய் நம்பியது நேரத்தை இல்லை, அந்தச் சத்தத்தை.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. தெருவே சேர்ந்து அன்போடு தெளித்த தண்ணீர்தான் நாயைச் சாகடிக்கப் பார்த்தது என்று எங்கள் ஊரில் ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? இசோகாயிடம் போய், உங்கள் மூன்று மணியை விட்டுவிடுங்கள் என்று எந்த வாயால் கேட்பாள்? அவரோ கோமா விழுந்ததிலிருந்து இன்னும் அதிகமாகத் தெளித்தார். போதாமல் போய்விட்டது என்று நினைத்தார் பாவம். சயோ குளிரவைத்த பயறு இனிப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள், நன்றி சொன்னாள், வானிலையைப் பற்றிப் பேசினாள், திரும்பி வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வானிலை.

"அந்தப் பொண்ணு ஏதோ சொல்ல வருது" என்று தொமியே புருஷனிடம் சொன்னாளாம்.

"இனிப்பு குடுக்க வந்துச்சு."

"ரெண்டு தடவையா? நீங்க சூளையிலேயே வெந்து போயிட்டீங்க."

அதற்கு அடுத்த நாள் மூன்று மணிக்கு சயோ செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இசோகாய் தெளித்து முடித்து வாளியைக் கீழே வைத்தார். சயோ நாயில்லாமல் தனியாக வெளியே வந்தாள். அந்த ஈரத்தெருவில், மடித்த துண்டு ஒன்றைப் போட்டு, முழங்காலிட்டாள். கைகளைத் துண்டின் மேல் ஊன்றினாள். முகத்தைத் தாழ்த்தி, ஒரு நாயின் மூக்கு எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய, தலைமுடி கலையாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வராத பெண்.

தபால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"கோமா அம்மா, என்ன ஆச்சு, மயக்கமா?" என்று இசோகாய் ஓடினார்.

"இல்ல தலைவரே. கோமா எப்படி மூச்சு விடுதுன்னு பாக்கறேன்."

"இங்க கீழயா?"

"அது இங்கதான இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். உங்கள் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லவில்லை. நிமிரவும் இல்லை. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. இசோகாய் அங்கேயே நின்றார். பிறகு முட்டி கடகடக்க, அவளுக்குப் பக்கத்தில், அவளைப் போலவே முழங்காலிட்டு முகத்தைத் தாழ்த்தினார். ஆயுள் முழுக்கச் சூளை வாயில் நின்ற மனிதர், சூடு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஒரு நிமிடம் இருந்திருப்பாரா, தெரியாது. முகம் சிவந்து நிமிர்ந்தார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அதைக் கழற்றித் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சோறு வேகற பானைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு" என்றார்.

சயோ அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"அன்னைக்கு தெரு முழுக்க இப்படியா இருந்துச்சு?"

"எல்லாரும் அன்பா செஞ்சாங்க, தலைவரே. அதுல ஒரு குறையும் இல்ல."

"நான் அதக் கேக்கல" என்றார் இசோகாய். அவளை எழுப்பிவிட்டார். அவள் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டப் போய், கூச்சப்பட்டு, கையை இழுத்துக்கொண்டார். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே தொமியே ஏதோ கேட்பதும் அவர் பதில் சொல்லாததும் தெருவரைக்கும் கேட்டது.

அடுத்த நாள் மூன்று மணிக்குத் தெருவில் சில்வண்டுச் சத்தம் மட்டும்தான். எனக்கே என்னவோபோல இருந்தது. இசோகாய் வாசற்படியில் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல வருடப் பழக்கம், கை சும்மா இருக்க மறுக்கும் அல்லவா. தொமியே அவர் கையில் ஒரு தட்டு பட்டாணியைக் கொடுத்தாள். "உரிங்க" என்றாள். உரித்தார்.

எதிர்வீட்டில் கோமா தூங்கியது.

சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகும் இசோகாய் உடனே தெளிக்கவில்லை. தெருவில் இறங்கி, புறங்கையைத் தாரில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து வைத்துப் பார்த்தார். தெருவிளக்கு எரிய ஆரம்பித்த பிறகுதான், மலைக்காற்று இறங்கிய பிறகுதான், வாளியை எடுத்தார். டொக் டொக். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சயோவும் கோமாவும் வெளியே வந்தார்கள். அவள் ஒரு கையில் தண்ணீர்ப் புட்டி, தோள்பையில் சின்னக் கிண்ணம். கோமா ஆற்றங்கரைப் புல்வழியைப் பார்த்து நடந்தது, அவசரமில்லாமல், ஒவ்வொரு கம்பத்தையும் விசாரித்துக்கொண்டு.

இசோகாய் நாய்க்குத் தலைகுனிந்து வணக்கம் வைத்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தக் கோடை அப்படிப் போனது. சயோ இருட்டு விலகுவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. ரொம்பப் புழுங்கிய நாட்களில் தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுவாள். "வேலை முடிஞ்சுதா, போலாமா?" என்று நாயைக் கேட்பாள். முடியைச் சிரைத்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்குமே என்று யாரோ சொன்னதற்கு, "உங்க கூரையப் பிரிச்சுட்டா உங்களுக்குக் குளிர்ச்சியா இருக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சீப்பை எடுத்து வாரிவிட்டாள். எவ்வளவு நாகரிகமான பெண்ணுக்கு எவ்வளவு கூர்மையான நாக்கு முளைத்தது பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கோமா நடப்பதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுவாள். தத்ஸுரோ நின்றுகொண்டு பார்த்தால்தான் காட்டுவாள். உட்கார்ந்தால் அணைத்துவிடுவாள்.

ஓபோன் கழிந்து ஒரு மதியம், தத்ஸுரோ கைத்தடியோடு காரிலிருந்து இறங்கினார். கோமா வாசலில் நின்றது. அதைப் பார்த்ததும் அவர் தடியை விட்டுவிட்டார், சயோதான் அவரைத் தாங்கிப் பிடித்தாள். நாய் அவர் காலை மோந்தது, கையை மோந்தது, இடுப்பில் கட்டுப் போட்ட இடத்தை ரொம்ப நேரம் மோந்தது. பிறகு அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

உள்ளே வந்து தேநீர் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. முகமெல்லாம் சிரிப்பாகி, கழுத்துக் கயிற்றை எடுத்து ஆட்டினார். "கோமா, வா, போலாம்."

கோமா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. வாலை ஒரு தடவை தரையில் தட்டியது. மறுபடி தூங்கிவிட்டது.

தத்ஸுரோவின் கை தொங்கிப் போனது. "என்ன மறந்துடுச்சு சயோ" என்றார்.

சயோ தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "மறக்கலங்க. மறந்திருந்தா உங்க கால்மேல உக்காருமா. தலைவர் இப்பல்லாம் இருட்டினப்புறம்தான் வாளியத் தட்டறாரு, அதுவரைக்கும் வெளிய போகக்கூடாதுன்னு அதுக்குத் தெரியும். அது தெரிஞ்சதாலதான் உங்களுக்காகக் காத்திருக்க முடிஞ்சுது."

அவர் நாயைப் பார்த்தார். பிறகு, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல, அவளைப் பார்த்தார்.

"அப்போ எப்போ போலாம், கோமா அம்மா?" என்று கேட்டார்.

"இருட்டட்டும். நானும் வர்றேன்" என்றாள் அவள்.

அவ்வளவுதான், செல்லங்களே. உங்கள் வீட்டு வாசல் எப்போதும் காலடிக்கு இதமாகக் குளிர்ந்திருக்கட்டும். வெளியே போன உங்கள் ஆட்கள் எல்லோரும், இரண்டு காலும் நாலு காலும், பொழுதோடு வீடு திரும்பட்டும். அவர்கள் வரும்போது வாசலில் ஒருவராவது நின்றுகொண்டிருக்கட்டும்.